புற்றும் மகிழும் சேறும்

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மூலவர் ஆதிபுரீஸ்வரர். அவர் கல்லில் செதுக்கிய லிங்கம் அல்ல, புற்று. ஆண்டு முழுவதும் அவருக்குக் கவசம் சாத்தியிருப்பார்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் அதைக் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த நாட்களில் சன்னதித் தெருவில் நடக்க இடம் இருக்காது. புற்றைச் சுற்றி எழுந்த கருவறை பின்பக்கம் வளைந்த தூங்கானை மாடம். ராஜேந்திர சோழன் காலத்துக் கருங்கல் வேலை. கோயிலின் தலமரம் மகிழம். சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மரத்தடியில்தான் என்பது பெரியபுராணக் கதை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

பக்தருக்கு இவை தெய்வச் சின்னங்கள். இயற்கையைப் படிக்கிறவருக்கு இன்னொரு பயனும் உண்டு. தார்ச்சாலையும் தொழிற்சாலைச் சுவரும் கண்டெய்னர் லாரியும் வருவதற்கு முன் இந்த நிலம் எப்படி இருந்தது என்பதற்கு, புற்றும் மகிழும் இரண்டு சாட்சிகள். இரண்டுமே கிழக்குக் கடற்கரையின் வறண்ட புதர்க்காட்டுக்கு உரியவை.

புற்றிலிருந்தே தொடங்குவோம். அதைக் கட்டுவது பாம்பு அல்ல, கறையான். நம் பக்கத்தில் புற்று எழுப்பும் கறையான்கள் ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்துத் தின்பவை. உதிர்ந்த இலை, காய்ந்த குச்சி, சாணம் எல்லாவற்றையும் அரைத்துக் கொண்டுபோய் உள்ளே அறை அறையாக அடுக்கி, அதன்மேல் பூஞ்சையைப் பயிர் செய்கின்றன. செரிக்க முடியாத மரச்சத்தைப் பூஞ்சை உடைத்துக் கொடுக்க, கறையான் அதைத் தின்கிறது. இந்தப் பயிருக்கு ஈரமும் நிதானமான வெப்பமும் வேண்டும். அதற்காகவே ஆழத்திலிருந்து களிமண்ணை எச்சில் சேர்த்து மேலே கொண்டுவந்து சுவர் எழுப்புகின்றன. மணல் மிகுந்த, சத்துக் குறைந்த நிலத்தில் இது பெரிய காரியம். புற்றைச் சுற்றியுள்ள மண்ணில் களியும் தாது உப்பும் கூடுகின்றன. அந்த இடத்தில் புல்லும் செடியும் தழைக்கின்றன. கறையான் காலி செய்த புற்றில் நாகம், உடும்பு, கீரி என்று வேறு குடிகள் ஏறுகின்றன. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் புறப்பட்டால், காக்கையும் மைனாவும் ஓணானும் அங்கே கூடிவிடும். வறண்ட நிலத்தின் வரவு செலவு பெரும்பாலும் புற்றின் வழியாகவே நடக்கிறது.

மகிழத்தின் கதை வேறு. மழை குறைந்த நாட்டில் மரங்கள் கோடையில் இலையை உதிர்த்துத் தப்பிப்பதுதான் வழக்கம். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய காடு அப்படிச் செய்வதில்லை. வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்த பிறகு நீண்ட வறட்சி வந்தாலும், அது பச்சை மாறாமல் நிற்கும். ஆழ வேர், தடித்து மெழுகு பூசிய இலை, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஆகியவை அதைக் காப்பாற்றுகின்றன. மகிழம், உலக்கைப்பாலை, காசான் ஆகியவை இந்த உலர் பசுமைக் காட்டின் மரங்கள். கடற்கரைச் சமவெளி முழுக்க வயலும் ஊரும் ஆகிவிட்டதால் இந்தக் காடு கோயில்காடுகளிலும் சில ஒதுக்குப்புறங்களிலும்தான் எஞ்சியிருக்கிறது. ஊரே நகரமாகிவிட்ட திருவொற்றியூரில் அதன் நினைவைக் கோயில் பிராகாரம் காத்துவருகிறது.

ஊரின் பழஞ்சின்னங்களையும் ஊரின் உயிர்களையும் இப்படிச் சேர்த்துப் பார்க்கிற வழக்கத்துக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட், தம் ஊர்ப் பறவைகள், பூச்சிகள், மண், மழை பற்றி நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1789-இல் நூலாக்கினார். ஒரே மாதிரி தோன்றும் மூன்று சிறு பறவைகளைக் குரலை வைத்தே மூன்று வேறு இனங்கள் என்று பிரித்துக் காட்டியவர் அவர். அதே நூலின் பிற்பகுதியில் ஊர்த் தேவாலயத்தையும் பழைய மடத்தையும் பற்றி எழுதினார். தேவாலயத்து முற்றத்தில் நின்ற யூ மரத்தின் அடிமரத்தை அளந்து, சுற்றளவு 23 அடிக்கு மேல் என்று குறித்துவைத்தார். அந்த மரம் 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்தது. அளவு மட்டும் நூலில் இருக்கிறது.

செல்போர்னை ஒட்டி உல்மர் என்றொரு பரந்த வெளி. மணலும் குறும்புதரும் பெரணியுமாக ஏழு மைல் நீளம், இரண்டரை மைல் அகலம், நிமிர்ந்து நிற்கும் மரம் ஒன்றுகூட இல்லை என்று ஒயிட் எழுதுகிறார். ஆங்கிலேயர் இத்தகைய நிலத்தை ஹீத் என்பார்கள். முழங்கால் உயரத்துக்கு ஊதாப் பூப் பூக்கும் ஹெதர் செடி, மஞ்சள் பூவும் முள்ளுமான கோர்ஸ் புதர், நடுவில் வெறும் மணல் திட்டுகள். உழுதால் விளையாது. மணல்பல்லி அந்தத் திட்டில் முட்டையைப் புதைக்கும். விரியன் வெயில் காயும். பக்கிக் குருவி வெறுந்தரையில் இரண்டு முட்டை இட்டு, காய்ந்த சருகின் நிறத்தில் அசையாமல் படுத்திருக்கும். டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி கோர்ஸ் புதரை விட்டு நகராது. பனிக்காலத்திலும் ஊரை விட்டுப் போகாத அந்தக் குருவி, 1962-63 கடுங்குளிருக்குப் பிறகு பிரிட்டன் முழுவதும் பத்துப் பதினொரு ஜோடிதான் மிஞ்சியது.

ஹீத் தானாக உருவான நிலம் அல்ல என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். பல்லாயிரம் ஆண்டுக்கு முன் மனிதர் மரத்தை வெட்டி, மாடும் ஆடும் மேய்த்து, அடுப்புக்குப் புதரைச் சுள்ளியாக வெட்டி, புல்கரணை தோண்டி, அவ்வப்போது தீயிட்டு அந்த நிலத்தை வெளியாகவே வைத்திருந்தார்கள். ஏழைக் குடியானவருக்கு அது பொதுநிலம். மேய்ச்சல் நின்றால் இருபது முப்பது ஆண்டில் பிர்ச்சும் பைனும் மூடிவிடும். பல்லியும் பக்கியும் போய்விடும். ஆள்வோரின் கணக்கிலோ அது விளையாத வெற்று நிலம். வேலி கட்டி உழவும், பைன் தோட்டம் வைக்கவும், வீடு கட்டவும் எடுத்துக்கொண்டார்கள். 1800-இல் இருந்த தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று இல்லை.

ஊதாப் பூவும் கோர்ஸ் முள்ளும் வட சென்னையில் முளைக்காது. ஆனால் சத்தற்ற மண், மரமில்லாத வெளி, ஏழைகளின் பிழைப்பு, அதிகாரியின் ஏட்டில் புறம்போக்கு என்ற நான்கும் சேர்ந்த நிலம் இங்கே உண்டு. திருவொற்றியூர்க் கடற்கரையிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் தாண்டிக் காட்டுப்பள்ளி வரை மணல்மேடு, உப்பளம், சேற்றுவெளி என்று அது நீளுகிறது. நம் ஹீத் இதுதான் என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

மணலில் முதலில் வேர்பிடிப்பவை இரண்டு. ஒன்று அடப்பங்கொடி: ஆட்டுக் குளம்பின் தடம்போல் பிளந்த இலை, ஊதாப் பூ, கணுவுக்குக் கணு மணலைப் பிடிக்கும் வேர். அதன் விதை கடலில் மிதந்து வேறு கரை சேர்ந்து முளைக்கும். இன்னொன்று ராவணன் மீசை. இந்தப் புல்லைத் தெரியாமல் மிதித்தவர் மறக்கமாட்டார். இலை நுனி அப்படிக் குத்தும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முற்றியதும் எல்லாப் பக்கமும் நீண்ட முட்களோடு உருண்டையாகக் கழன்று விழும். காற்றடித்தால் முள் நுனியில் நின்றபடி உருண்டு ஓடும். ஓடும் வழியில் விதையை உதிர்க்கும். எங்காவது மணல் குவிந்து தடுத்தால் அங்கே புதைந்து முளைக்கும். முளைத்த புல் இன்னும் கொஞ்சம் மணலைத் தடுத்துப் பிடிக்கும். மணல்மேடு வளர்வது இப்படித்தான். மேட்டுக்குப் பின்னால் உப்புக்காற்று குறைந்த இடத்தில் தாழையும் பனையும் நிற்கும். மழைநீர் மேட்டுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்பதால் கடலுக்கு அருகிலேயே குப்பத்துக் கிணற்றில் குடிநீர் கிடைத்தது.

கிடைத்தது என்று இறந்தகாலத்தில் எழுதவேண்டியிருக்கிறது. இந்தக் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை சாய்ந்து அடித்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். 1876-இல் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புக் கட்டுமானம் தொடங்கியதும் அந்த ஓட்டம் மறிக்கப்பட்டது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவாக விரிந்தது. வடக்கே போகவேண்டிய மணல் வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் தின்னத் தொடங்கியது. ஊர்ப் பெரியவர்கள் கடலுக்குள் கைகாட்டி, முன்பு தெரு இருந்தது அங்கே என்று சொல்வது இதனால்தான். கரையைக் காக்கப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் நீளும் கல்வரிசைகளைப் போட்டார்கள். இங்கே எல்லோரும் அதைத் தூண்டில் வளைவு என்பார்கள். இரண்டு வளைவுக்கு நடுவே மணல் கொஞ்சம் சேர்கிறது. கடைசி வளைவுக்கு வடக்கே அரிப்பு தொடர்கிறது.

மணற்கரை கற்கரையானதும் குடிகளும் மாறிவிட்டன. குழி நண்டும் ராவணன் மீசையும் போன இடத்தில் கொட்டலசும் ஆளியும் கல்லில் ஒட்டிக்கொண்டன. தட்டையான கல் நண்டு இடுக்கில் ஓடுகிறது. கல்லிடுக்கு நண்டுக்கு உதவும், ஆனால் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு உதவாது. இரவில் தவழ்ந்து ஏறி, உலர்ந்த மணலில் குழி தோண்ட அதற்குச் சாய்ந்த கரை வேண்டும். கொட்டிய கல்லில் மோதித் திரும்பிப் போகிற ஆமைக்கு அந்த இரவு வீண்.

இனி எண்ணூருக்குப் போவோம். இந்த அத்தியாயத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் முகத்துவாரம். தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய் அங்கே வந்து கலக்கிறது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய அந்த நீர்வழி, ஒருகாலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகளால் நிறைந்திருந்தது. நம் கடலில் ஏற்றவற்றம் அதிகம் இல்லை. ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் கழிமுகம் அவ்வளவு தட்டையாக இருப்பதால், தண்ணீர் ஓர் அடி இறங்கினாலே ஏக்கர் கணக்கில் சேறு வெளியே தெரியும். அந்தச் சேற்றில் காற்று கிடையாது. மேல்தோலுக்குக் கீழே அரை விரல் தோண்டினால் கறுப்பு. அழுகிய முட்டை வாடை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கடல்நீரின் சல்பேட்டை மூச்சாக்கிக் கொள்ளும் பாக்டீரியாக்கள் விடும் வாயு அது. நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிறோம். நல்ல சேற்றுக்கே அந்த வாடை உண்டு.

இப்படிப்பட்ட மண்ணில் வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகும். வெண்கண்டல் மரம் அதற்கு ஒரு வழி கண்டது. சேற்றுக்கு மேலே பென்சில் உயரத்துக்கு நூற்றுக்கணக்கான மூச்சு வேர்களை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அவற்றின் தோலிலுள்ள நுண்துளைகள் வழியே காற்று கீழே போகிறது. உப்பை வேரிலேயே பெரும்பகுதி வடிகட்டிவிடும். மீறி வந்ததை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும். வெயில் ஏறிய நேரத்தில் இலையைத் தடவினால் விரலில் உப்புத்தூள் ஒட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். குப்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும், பாடப்புத்தகத்தில்தான் இல்லை. மரத்துக்கு வெளியே, தண்ணீர் எப்போதாவது வந்து காய்கிற தரையில் உமரி. அது உப்பை வெளியேற்றாது. இலையைச் சதைப்பற்றாக்கி, நீரைச் சேர்த்துவைத்து உப்பை நீர்க்கச் செய்து சமாளிக்கும். கோடையில் உமரித் தரை முழுக்கச் சிவந்து கிடக்கும். இங்கிலாந்தில் ஊதா ஹெதர் பூப்பதைப் பார்க்க ஆகஸ்டில் ஆட்கள் போகிறார்கள். நம் சிவப்பு உமரியைப் பார்க்க யாரும் போவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சேற்றுக்குள் புழுவும் மட்டியும் நண்டுக்குஞ்சும் வெவ்வேறு ஆழத்தில் இருக்கின்றன. அவற்றைத் தின்ன வரும் பறவைகளின் அலகு நீளமும் வெவ்வேறு. இருபத்தைந்து முப்பது கிராம் எடையுள்ள கொசு உள்ளான் மேற்பரப்பைக் கொத்தும். பவளக்காலி இரண்டு விரல் ஆழம் போகும். கருவால் மூக்கன் முகம் வரை அலகைச் செருகும். வளைந்த நீள அலகுக் கோட்டான், வளைக்குள் இருக்கும் நண்டையே எட்டிப் பிடிக்கும். சேற்றுக்குள் கண்ணால் ஒன்றும் பார்க்க முடியாது. அலகு நுனியிலுள்ள நுண்ணிய தொடுவுணர்வு உறுப்புகள்தான் அசைவையும் அழுத்தத்தையும் உணர்த்துகின்றன. இந்தக் கோட்டானின் உறவினர்கள்தாம் கோடையில் இங்கிலாந்தின் மேட்டுநிலத்திலும் ஹீத்திலும் முட்டையிடுகிறார்கள். நம் கரைக்கு வருபவை ஆசியாவின் வடபகுதியில் பிறந்தவை. கொசு உள்ளான் ஆர்க்டிக் கரையோரத் துந்திராவிலிருந்து வருகிறது. அங்கே கோடை சில வாரங்கள்தான். அதன் ஆயுளில் பெரும்பகுதி நம் சேற்றில் கழிகிறது.

வந்துபோகிறவர்களை விட இங்கேயே முட்டையிடுகிறவர்களைக் கவனிப்பது கடினம். உப்புக்கொத்தியும் ஆள்காட்டியும் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் ஒரு சிறு குழி, சுற்றி நாலு கிளிஞ்சல் துண்டு, உள்ளே மணல் நிறத்தில் கறுப்புப் புள்ளியிட்ட மூன்று நான்கு முட்டை. ஓரடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. மே மாத நண்பகலில் உப்பளத் தரை கொதிக்கும்போது, முட்டையைச் சூடாக்குவது அல்ல, குளிர்விப்பதுதான் தாயின் வேலை. அருகிலுள்ள தண்ணீரில் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டையின்மேல் உட்காரும். ஈரம் ஆவியாகும்போது முட்டையின் சூடு தணியும். காய்ந்ததும் மறுபடி ஓட்டம். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தால்தான் இது நடக்கும். அதனால் உப்பளத்தை மேடாக்கி நிரப்பும்போது முட்டையிடும் தரையோடு அந்த நனைக்கும் குட்டையும் போய்விடுகிறது.

உப்புக்கொத்திகளில் கென்ட் உப்புக்கொத்தி என்றொன்று உண்டு. இங்கிலாந்தின் கென்ட் கரையில் பிடித்த பறவைகளைக் கொண்டு அந்தப் பெயர் வந்தது. கரையெல்லாம் விடுதியும் நடமாட்டமும் ஆனதும், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அது அந்த நாட்டில் முட்டையிடுவதை அநேகமாக நிறுத்திவிட்டது. அதன் நெருங்கிய உறவான, இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் நிலையாக வாழும் பறவையைத் தனி இனம் என்று 2023-இல்தான் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள். நம் கடற்கரையில் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்த பறவையைச் சரியாக அடையாளம் காண இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இந்த நிலத்தின் மேல் வந்த சுமையையும் சொல்லியாக வேண்டும். எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. 1948-இல் எண்ணூரில் அசோக் லேலண்டின் முன்னோடி வந்தது. 1955-இல் என்ஃபீல்டு ஆலை. ஊருக்குச் சோறு போட்டவை இவை. வட சென்னையின் பெருமையும்கூட. கழிமுகத்தை நேராகத் தொட்டவை மின்நிலையங்களும் துறைமுகங்களும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் நின்றது. வட சென்னை அனல்மின் நிலையம் 1994-இலிருந்து ஓடுகிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறந்தது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் வெடிக்கும் இடத்திலெல்லாம் சாம்பல் கசிந்து ஆற்றில் படிந்தது. மாவுபோல் நுண்ணிய அந்தச் சாம்பல் அடியில் இறுகிக் கெட்டியாகிறது. பகலில் சேற்றுக்குள் புதைந்து ஒளியும் இறாலுக்கு அங்கே புதைய முடியாது. ஆள் இறங்கி நின்று வலை வீசிய இடமும் தூர்ந்து கணுக்கால் ஆழமாகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் பரவியது. கூழைக்கடாக்கள் பழுப்பேறிய உடம்போடு உட்கார்ந்திருந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். பறவையின் சிறகு தண்ணீர் புகாமல் இருப்பது, அதன் நுண்ணிழைகள் கொக்கிபோட்டு ஒன்றையொன்று பற்றியிருப்பதால். எண்ணெய் அந்தப் பின்னலைக் குலைத்துவிடும். தண்ணீர் உடம்பைத் தொடும், குளிரும்; மிதக்கவும் பறக்கவும் சிரமம். அலகால் கோதினால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். மூச்சு வேரில் படிந்த எண்ணெய் அதன் துளையை அடைக்கும். படகும் வலையும் கறுத்துப்போய், காட்டுக்குப்பம் என்ற மீனவர் ஊரில் தொழில் நின்றது.

எண்ணெயைக் கண்ணால் காணலாம். சத்தமில்லாமல் வந்தது இன்னொன்று. அமெரிக்கக் கடல்களுக்குரிய ஒரு சிப்பி, கப்பல் போக்குவரத்தோடு இந்தியக் கரைக்கு வந்து எண்ணூர், பழவேற்காடு நீர்நிலைகளில் பரவிவிட்டது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். நூல்போன்ற இழைகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடித்தரையின் மேல் ஒரு தடித்த பாயாகப் படர்கிறது. அதற்குக் கீழே மட்டிக்கு மூச்சில்லை. மேலே இறாலுக்கு இடமில்லை. நடந்தால் காலைக் கிழிக்கும். ஆற்றில் இறங்குகிறவர்கள்தான் இதை முதலில் கண்டு சத்தம் போட்டார்கள்.

இறங்குகிறவர்கள் யார் என்பது முக்கியம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, சேற்றிலும் கண்டல் வேரிலும் சில மாதம் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் இந்த வழி மூடும். பழவேற்காட்டுப் பக்கம் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கையில் அகப்பட்டதை அதில் போடுவார்கள். வலை வேண்டாம், படகு வேண்டாம். சேறு மென்மையாக இருந்தால் போதும். பட்டினவர் குப்பங்களிலோ பாடு என்ற முறை. எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தை அள்ளாமல் காத்தது அந்தக் கட்டுப்பாடு. ஹீத்தில் யாருடைய மாடு எத்தனை மேயலாம் என்று ஆங்கிலக் கிராமம் வைத்திருந்த கணக்கும் இதே வகை.

இங்கே எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. உல்மர் ஹீத் இன்றும் இருப்பதற்குக் காரணம் ராணுவம். பயிற்சிக்களமாக எடுத்துக்கொண்டதால் யாரும் வீடு கட்டவில்லை. பிரிட்டனுக்குரிய ஊர்வன, நீர்நில வாழ்வன பன்னிரண்டும் ஒருசேர வாழும் இடம் என்ற பெயர் அதற்கு உண்டு. பழவேற்காடு ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலும் இதே கதை. ராக்கெட் ஏவுதளத்தின் வேலிக்குள் மகிழமும் காசானும் கொண்ட உலர் பசுமைக் காடு, இந்தக் கரையிலேயே நன்றாக எஞ்சிய துண்டாக நிற்கிறது. ஆனால் அந்தத் தீவில் வாழ்ந்த ஏனாதி மக்களை இடம்பெயர்த்துத்தான் ஏவுதளம் வந்தது. வேலி போட்டால் உயிர்கள் பிழைக்கும் என்ற பாடத்தை எண்ணூருக்குக் கொண்டுவருவது தவறு என்று நினைக்கிறேன். எண்ணூரின் சேறு மக்களை வெளியேற்றியதால் உயிரோடு இருக்கும் நிலம் அல்ல. முகத்துவாரம் அடைத்தால் முதலில் தெரிந்துகொள்பவரும், தூர் எடுக்கச் சொல்லிப் போராடுபவரும், சாம்பல் கசிவை முறையிடுபவரும் அங்கே வலை கட்டுகிறவர்கள்தாம். அவர்கள் தொழிலை விட்டுப் போன இடம், அடுத்த நாளே யாரும் உபயோகிக்காத நிலம் என்று வரைபடத்தில் ஏறும்.

1962-இல் நார்மன் மூர் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் டோர்செட் ஹீத்தை அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். பெருவெளி சிறு சிறு துண்டாகிவிட்டிருந்தது. செடி அப்படியே இருந்த துண்டுகளிலும், அது சிறியதாகவோ மற்றவற்றிலிருந்து விலகியோ இருந்தால், ஹீத்துக்கே உரிய பிராணிகள் பல இல்லாமல் போயிருந்தன. எண்ணூரில் ஒரு சாலை, ஒரு குழாய்ப்பாதை, நிலக்கரி கொண்டுசெல்லும் ஒரு பட்டை என்று தனித்தனியாக அனுமதி கேட்கும்போது ஒவ்வொன்றும் சிறிதாகத்தான் தெரியும். கண்டல் நின்றபடியே இருக்கும். தண்ணீர் வரத்து குறைந்த பிறகு நண்டு போகும். நண்டு போனால் கோட்டான் வராது.

ஒயிட் விட்டுச்சென்றவற்றில் பெரிது அவருடைய நாட்குறிப்பு. எந்தத் தேதியில் எந்தப் பறவை முதலில் வந்தது, எந்தப் பூ மலர்ந்தது, எவ்வளவு மழை என்று பல ஆண்டுகள் விடாமல் எழுதினார். பருவம் எப்படி நகர்ந்திருக்கிறது என்று அறிய இன்றைய ஆய்வாளர்கள் அந்தத் தேதிகளைப் புரட்டுகிறார்கள். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ படிக்கும் ஒரு மாணவி இதைத் தொடங்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஐப்பசியில் முதல் ஈசல் புறப்பட்ட மாலை. மகிழம் பூ உதிரத் தொடங்கிய வாரம். முகத்துவாரப் பாலத்தின்மேல் நின்று கூழைக்கடாக்களை எண்ணினால் வரும் எண்ணிக்கை. செப்டம்பரில் முதல் கொசு உள்ளான் கூட்டம் இறங்கிய நாள், மே மாதம் கடைசிக் கூட்டம் கிளம்பிய நாள். உமரி சிவந்த மாதம். முகத்துவாரம் மணலால் அடைபட்ட தேதி, உடைத்துவிட்ட தேதி. அன்றைக்கு இறால் கிலோ என்ன விலைக்குப் போனது, எந்த வகை இறால், எந்த ஊர் வலை. கரையில் செத்து ஒதுங்கிய ஆமை எந்தத் தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில், ஓட்டின் நீளம் எவ்வளவு. காக்கா ஆழி புதிதாக எந்தத் தூணில், எந்தப் படகின் அடியில் ஏறியிருக்கிறது. தேதி, இடம், நேரம், தண்ணீர் ஏற்றமா வற்றமா என்ற நான்கையும் ஒவ்வொரு குறிப்பிலும் எழுத வேண்டும். வற்றத்தில் எண்ணியதையும் ஏற்றத்தில் எண்ணியதையும் ஒப்பிடக்கூடாது, ஏனென்றால் ஏற்றத்தில் பறவைகள் உப்பளத்துக்குப் போய்விடும்.